புது ஆளுக்கு ஒரு பை, பழைய ஆளுக்கு ஒரு பை

அந்த மெயிலை நான் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் ஓர் இடம் காலியாக இருந்தது. வேலை விவரத்தை எழுதிக் கொடுத்தது நான், ஆறு பேரை இன்டர்வியூ செய்தது நான், இவரை எடுக்கலாம் என்று சொன்னதும் நான். அவர் என்றைக்குச் சேர்கிறார், லேப்டாப் தயாரா என்று கேட்டு ஒரு மெயில் எனக்கு ஃபார்வர்ட் ஆகி வந்தது. கீழே ஸ்க்ரோல் செய்தால் பழைய மெயில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, கடைசிக்கு முந்தையதில் அவருடைய சம்பளம்.

மூடினேன். திரும்பத் திறந்தேன். ஃபோனில் கால்குலேட்டரை எடுத்து அவருடைய எண்ணை என்னுடைய எண்ணால் வகுத்தேன். 1.18. என்னைவிட 18 சதவீதம் அதிகம், அனுபவத்தில் என்னைவிட இரண்டு வருஷம் குறைவு. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்து சேர்ந்தார், ஒரு மாதம் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் "இதை ஏன் இப்படிப் பண்ணியிருக்கீங்க?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் 1.18, 1.18 என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் ஒரு வாரம் எனக்குத் தோன்றியதெல்லாம் துரோகம், ஏமாற்று, நன்றி கெட்டவர்கள் என்ற ரகம்தான். பிறகு ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நண்பரிடம், அவர் வேறு நிறுவனம், புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். புது ஆளுக்குப் பணம் வரும் பை வேறு, பழைய ஆளுக்கு வரும் பை வேறு. புது ஆளை எடுக்கும்போது இன்றைய சந்தை விலை என்னவோ அதைக் கொடுத்தால்தான் வருவார், அதனால் அந்தப் பையைச் சந்தை பார்த்து நிரப்புகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு 'போன வருஷச் சம்பளம், அதன் மேல் இத்தனை சதவீதம்' என்று இன்கிரிமென்ட் பட்ஜெட் போடுகிறார்கள். சந்தை வேகமாக ஏறும் வருஷங்களில் இரண்டாவது பை முதல் பையைப் பிடிக்கவே முடியாது. இதில் யாரும் உட்கார்ந்து உன்னை ஏமாற்றத் திட்டம் போடவில்லை, எக்செல் ஷீட் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் கணக்கு புரிந்தது. நான் 100 வாங்குகிறேன், அவர் 118 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் 5 சதவீதம் ஏற்றினால், ஐந்து வருஷம் கழித்து நான் 127.6-இல் இருப்பேன், அவர் 150.6-இல் இருப்பார். 18-ஆக இருந்த இடைவெளி 23 ஆகிவிடும். ஒரே சதவீதம் கொடுத்தால் நியாயமாக நடத்துவது மாதிரி தெரியும், பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போகும். எங்கள் இடத்தில் மிகச் சிறந்த ரேட்டிங் வாங்கியவருக்கே 8 சதவீதம்தான். அதாவது நான் குட்டிக்கரணம் போட்டாலும் அப்ரைசல் வழியாக அந்த 18-ஐப் பிடிக்கப் போவதில்லை. நான் கேட்க வேண்டியது இன்கிரிமென்ட் இல்லை, திருத்தம். எச்.ஆர். ஆட்களே இதை 'மார்க்கெட் கரெக்‌ஷன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் தெரியாமல் நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் விலைவாசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாலு வருஷம் விலைவாசி 5 சதவீதம் வீதம் ஏறி, சம்பளம் 3 சதவீதம் வீதம் ஏறினால், 100-க்கு வாங்கிய பொருளின் விலை 121.6, கையில் இருப்பது 112.6. வாங்கும் சக்தியில் பார்த்தால் சேர்ந்த அன்று வாங்கியதைவிட 7 சதவீதத்துக்கு மேல் குறைவு. நாலு தடவை 'வாழ்த்துகள்' என்று கடிதம் வந்திருக்கும், நாலு தடவையும் சம்பளத்தைக் குறைத்திருப்பார்கள்.

சரி, ஒரே ஒருவருடைய சம்பளத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் குறைவு என்று முடிவு கட்டலாமா? கூடாது. அவரை அவசரத்துக்கு எடுத்திருக்கலாம், அவர் கையில் வேறு இரண்டு ஆஃபர் இருந்திருக்கலாம். அதனால் வெளியே தேடத் தொடங்கினேன், அப்போதுதான் இந்தத் தகவல் எவ்வளவு ஒளித்து வைக்கப்பட்டது என்று தெரிந்தது.

சம்பளத்தைப் பதிவு செய்து பார்க்கும் இணையதளங்களை முதலில் பார்த்தேன். பயன் உண்டு, ஆனால் பாதி குப்பை. அவரவர் தானாகப் போட்ட எண்கள், சிலது ஐந்து வருஷப் பழசு, சிலர் போனஸைச் சேர்த்துப் போடுகிறார்கள், சிலர் கையில் வருவதை மட்டும் போடுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பதவிப் பெயர். ஒரு இடத்தில் 'மேனேஜர்' என்றால் கீழே இருபது பேர், இன்னொரு இடத்தில் மேனேஜருக்குக் கீழே மேனேஜரின் நாற்காலி மட்டும்தான். பெயரை விட்டுவிட்டு வேலையை ஒப்பிட வேண்டும்: எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறோம், எவ்வளவு பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம், தவறு நடந்தால் யாருக்கு ஃபோன் வருகிறது.

விளம்பரங்கள் அதைவிட நம்பகமானவை. அமெரிக்காவில் கொலராடோ 2021-இலிருந்து வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டமாக்கியது, 2022-இல் நியூயார்க் நகரம், 2023-இல் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் பின்தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த வழிகாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் கேட்கவே கூடாது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்க்க 2026 ஜூன் 7 வரை கெடு. நீங்கள் அந்த நாடுகளில் இல்லாவிட்டாலும் பல பெரிய நிறுவனங்கள் இப்போது வரம்பைப் போடுகின்றன. '80 முதல் 200 வரை' என்று போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், அது சட்டத்துக்காகப் போட்ட கோலம். வரம்பு குறுகலாக இருக்கும் விளம்பரங்களாக ஐந்தாறு எடுத்து, அவற்றின் நடுப்பகுதியைக் குறித்துக்கொண்டால் ஒரு உருவம் கிடைக்கும்.

எனக்கு உண்மையில் உதவியது, நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ரிக்ரூட்டர்களின் ஃபோன்தான். முன்பெல்லாம் எடுக்கவே மாட்டேன், இப்போது எடுத்தேன். "இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?" என்று முதலில் நான் கேட்டேன். "நீங்க இப்ப எவ்வளவு வாங்குறீங்க?" என்று அவர்கள் திருப்புவார்கள். "அதை அப்புறம் பேசலாம், ஒதுக்கீடு பொருந்தலைன்னா ரெண்டு பேருக்கும் நேரம் வீண்தானே" என்பேன். ஐந்தில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்று எண்களும் என் சம்பளத்துக்கு 15 முதல் 25 சதவீதம் மேலே இருந்தன. மெயிலில் பார்த்த 18 தற்செயல் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறுதியானது.

கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்பதுதான் நேரான வழி, அதுதான் யாருக்கும் வாய் வராத வழியும். சம்பளத்தைக் கேட்டால் ஏதோ உடம்பில் என்ன நோய் என்று கேட்டது போல முகம் மாறிவிடுகிறது. இந்த மௌனத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் லில்லி லெட்பெட்டர் ஞாபகம் வருவார். அலபாமாவில் ஒரு டயர் தொழிற்சாலையில் 19 வருஷம் வேலை பார்த்த சூப்பர்வைசர். ஓய்வு பெறும் காலம் நெருங்கும்போது அவருடைய அஞ்சல் பெட்டியில் யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போனார்கள், அதில் அவருடைய சம்பளமும் அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளமும் இருந்தன. 1997 கடைசியில் அவருக்கு மாதம் 3,727 டாலர், அதே வேலையில் மிகக் குறைவாக வாங்கிய ஆணுக்கு 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-இல் 5-க்கு 4 என்று தோற்றார். காரணம், பாகுபாடாகச் சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். தனக்கே தெரியாத ஒன்றைப் பற்றி! 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து அந்தக் கணக்கு மாறியது, அவருக்கு மட்டும் அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

நான் இரண்டு பேரிடம் கேட்டேன். "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்கவில்லை. "இந்த வேலைக்கு இந்த எண் சரியா இருக்குமா, கூடவா குறைவா?" என்று ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் உடனே "ரொம்பக் குறைவு" என்றார். மற்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "என்னோடதும் அதேதான், இப்பதான் சந்தேகமா இருக்கு" என்றார். அவருக்கு என்னால் தூக்கம் போனதோ என்னவோ.

இதில் தலைகீழாக நடந்த கதையும் ஒன்று உண்டு. என் நண்பர் ஒருவர் தனக்குப் பயங்கரக் குறைவு என்று ஒரு வருஷம் கொதித்துக்கொண்டிருந்தார், தன் பழைய வகுப்புத் தோழர் 120 வாங்குகிறார், தனக்கு 100 என்று. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தோழர் வாரம் 55 மணி நேரம், இரவு அழைப்புகளும் சேர்த்து. இவர் 40 மணி நேரம், ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினால் மறுநாள் காலைதான். ஒரு மணி நேரத்துக்கு இவருக்கு 2.5, அவருக்கு 2.18. அந்த 120-இல் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத போனஸ் வேறு இருந்தது. நண்பருக்கு இது நல்ல செய்திதான், ஆனால் முகம் தொங்கிவிட்டது. ஒரு வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது நான் வீணாக்கிய அந்த ஒரு வருஷம். மெயிலைப் பார்த்த சில மாதங்களில் அப்ரைசல் வந்தது, 5 சதவீதம் என்று கடிதம் கொடுத்தார்கள், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேனேஜரிடம் போனேன். என்னென்ன சொல்லக் கூடாதோ எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செலவு ஏறிவிட்டது, வீட்டில் பொறுப்பு கூடிவிட்டது, நாலு வருஷமாக ஒரு நாள் கூட முகம் சுளிக்காமல் வேலை பார்த்திருக்கிறேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டார், மிக அன்பாகத் தலையாட்டினார், "உங்க நிலைமை புரியுது, அடுத்த தடவை கண்டிப்பா பார்க்கலாம்" என்றார். வெளியே வரும்போது எனக்கு மனசு லேசாகக்கூட இருந்தது! இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று உறைத்தது.

கடிதம் அச்சாவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பட்ஜெட் முடிந்துவிடுகிறது. கடிதம் வந்தபின் மேனேஜரே நினைத்தாலும் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது, அனுதாபத்தைத் தவிர. என் செலவுக்கும் என் வேலையின் விலைக்கும் சம்பந்தமில்லை என்பது இரண்டாவது விஷயம். எனக்குச் செலவே இல்லாவிட்டால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வேனா என்ன?

அடுத்த வருஷம் அப்ரைசலுக்கு நாலு மாதம் முன்பே போனேன். கையில் ஒரே ஒரு பக்கம். மேல் பாதியில் என்னை எடுத்தபோது என் வேலை என்னவாக இருந்தது, இப்போது என்ன செய்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்று பேரைப் பார்த்துக்கொள்கிறேன், மாதக் கடைசிக் கணக்கை முடிக்க ஒன்பது நாள் ஆனது நாலு நாளாகியிருக்கிறது, ஆள் எடுப்பதும் என் வேலையாகியிருக்கிறது. கீழ்ப் பாதியில் ஐந்து விளம்பரங்களின் சம்பள வரம்பு, அதன் நடு, என் சம்பளம், நான் கேட்கும் எண். அந்த மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அவருக்கு மட்டும் அவ்வளவு கொடுக்கிறீர்களே' என்று தொடங்கினால் பேச்சு 'உனக்கு எப்படித் தெரியும்' என்று திரும்பிவிடும், பிறகு நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் எண்ணைச் சொல்லாதே என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சந்தை விலை தெரியாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது, தெரிந்தால் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை உண்டு. 10 அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி செய்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று ஆட்களைக் கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் சொன்னது நடுமட்டமாக 25, 65-ஐப் பார்த்தவர்கள் சொன்னது 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இந்தச் சக்தி என்றால், மேஜையில் முதலில் விழும் எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்! 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்' என்பதில் எண்ணே கிடையாது, அந்த வெற்றிடத்தில் அவர்கள் 5-ஐ வைப்பார்கள்.

"சார், இது இன்கிரிமென்ட் பேச்சு இல்லை. என் சம்பளம் இந்த வேலையோட சந்தை விலைக்குக் கீழே போயிருக்கு, அதைச் சரி செய்யணும். 20 சதவீதம் கேட்கிறேன்." வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் இது. சொல்லி முடித்ததும் அவர் பேப்பரைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அந்த மௌனம் அதிகமானால் பதினைந்து விநாடி இருந்திருக்கும். எனக்குள் 'பரவாயில்லை சார், 15 கொடுத்தாலும் போதும்' என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, யாரும் கேட்காமலேயே என் விலையை நானே குறைக்கத் தயாராக இருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் பேச முடியாது, அதனால்தான்.

"வேற ஆஃபர் ஏதாவது கையில இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை சார். ஃபோன் வருது, நான் இன்னும் போகலை. முதல்ல இங்க கேட்கணும்னு வந்தேன்."

பொய் சொல்லியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 'அப்படியா, சந்தோஷம், எப்ப ரிலீவ் ஆகுறீங்க?' என்று அவர் கேட்டிருந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? போகத் தயாரில்லாத ஆஃபரைக் காட்டிப் பயமுறுத்தும் தைரியம் எனக்கு இல்லை.

நான் இன்னொன்றும் கேட்டேன், அதற்குத்தான் நல்ல பலன். சம்பளப் படிகள் வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு, அதை 100 என்று வைத்து 80-இலிருந்து 120 வரை ஓடவிடுவது பல இடங்களில் வழக்கம். "என் கிரேடில் நான் எங்கே இருக்கேன் சார், நடுவுக்கு மேலேயா கீழேயா?" என்றேன். எண்ணைச் சொல்ல மாட்டேன் என்றவர், ஸ்க்ரீனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கீழ்ப்பக்கம்தான்" என்றார். அதற்கப்புறம் அவர் குரலே மாறிவிட்டது. அதுவரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு எச்.ஆரிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னோடு சேர்ந்து யோசித்தார். அந்த ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து அனுப்பினார். நம் மேனேஜர் வாதாட வேண்டியது அவருக்கு மேலே இருக்கும் ஒருவரிடம், அங்கே நாம் இருக்க மாட்டோம், நம் பேப்பர்தான் இருக்கும்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. முதலில் ஒரு தடவை மட்டும் தரும் போனஸ் பெரிதாகத் தருகிறோம் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது, மறுத்தேன். போனஸ் ஒரு வருஷத்தோடு போய்விடும், அடிப்படைச் சம்பளத்தில் ஏறும் பணம் அடுத்தடுத்த எல்லா உயர்விலும் உட்கார்ந்து குட்டி போடும். கடைசியில் உடனே 8 சதவீதம், ஆறு மாதம் கழித்து இன்னும் 4 என்று முடிந்தது. நான் கேட்டது 20, வந்தது சுமார் 12. 'ஆறு மாதம் கழித்து' என்பதை எந்தத் தேதி என்று குறிப்பிட்டு மெயிலில் எழுதித் தரச் சொன்னேன், தயங்கித் தயங்கி எழுதித் தந்தார்கள். அந்தத் தேதி வந்தது, போனது, ஒன்றும் நடக்கவில்லை. அந்த மெயிலையே மூன்று தடவை திரும்ப அனுப்பியபின் வந்து சேர்ந்தது, நிலுவையோடு.

112. இன்னும் 118 இல்லை. வேறு வேலை தேட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ரிக்ரூட்டர்களின் ஃபோனை எடுத்துக்கொண்டும் இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் டீமில் இன்னோர் இடம் காலியானது. இந்தத் தடவை இன்டர்வியூ செய்ததில் என்னோடு அவரும் இருந்தார், அந்த 1.18. முடிந்து இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, ஒரு மெயில் வந்தது... புதுசா வர்றவருக்கு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, என் சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஃபோனை எடுத்து கால்குலேட்டரைத் திறந்தார்.